இயல் 5: முகம் பாதி, இடம் பாதி

பிறர் வாய்விட்டுச் சொல்லாத எண்ணத்தையும் உணர்ச்சியையும் அவருடைய முகம், குரல், நடை, தயக்கம், மௌனம் ஆகியவற்றைக் கொண்டு உய்த்துணர்வதைத் தமிழ் நூல்கள் குறிப்பறிதல் என்கின்றன. குறிப்பு என்பது உள்ளத்தில் இருப்பது தன்னை அறியாமல் வெளியே விட்டுவைக்கும் தடயம். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் இருமுறை வரும் தலைப்பு இது ஒன்றே: பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல் என்றே பெயர் பெற்றிருக்கின்றன. முன்னது மன்னரைச் சேர்ந்தொழுதலுக்கும் அவையறிதலுக்கும் இடையே வைக்கப்பட்டிருப்பதால், அதிகாரம் உடையவரின் உள்ளத்தை அவர் சொல்லும் முன்பே அறிந்து நடக்க வேண்டிய அமைச்சனுக்கு உரியது. பின்னது களவியலில் வருவதால், காதலை இன்னும் சொல்லிக்கொள்ளாத இருவர் ஒருவர் பார்வையை மற்றவர் அளப்பதற்கு உரியது. மயிலாப்பூரில் பிறந்தவர் என்று மரபு கூறும், அவ்வூரிலேயே கோயிலும் கொண்டிருக்கும் வள்ளுவர், அலுவலுக்கும் காதலுக்கும் ஒரே தலைப்பைச் சூட்டியதிலிருந்து, திறமை ஒன்றே என்றாலும் அதைச் செலுத்தும் இடம் மாறும்போது பார்க்க வேண்டியவையும் மாறுகின்றன என்பது விளங்குகிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை முழு உண்மையாக எடுத்துக்கொண்டு, இடத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் படிப்பவர் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறார்.

இன்றைய உளவியல் இதன் அடிப்படை ஆற்றலை மனக்கோட்பாடு என்கிறது. பிறருக்கும் மனம் உண்டு, அதில் உள்ள நம்பிக்கை தன்னுடைய நம்பிக்கையிலிருந்து வேறாக இருக்கலாம் என்று உணரும் ஆற்றலே அது. டேவிட் பிரேமாக், கை உட்ரஃப் ஆகிய இருவரும் சிம்பன்சிகளைப் பற்றி 1978இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இச்சொல் பரவியது. ஒரு பொம்மை கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போக, மற்றொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தால், திரும்பி வரும் முதல் பொம்மை குண்டை எங்கே தேடும் என்று குழந்தைகளைக் கேட்கும் புகழ்பெற்ற சோதனை 1985இல் வெளிவந்தது. மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பெட்டி என்கிறார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் கூடை என்ற விடை வருகிறது. ஆனால் அடுத்தவருக்கு மனம் உண்டு என்று அறிவது வேறு, அந்த மனத்தில் இந்த நிமிடம் என்ன ஓடுகிறது என்று சரியாக அறிவது வேறு. முதலாவது ஐந்து வயதுக்குள் கைவந்துவிடுகிறது, இரண்டாவது ஐம்பது வயதிலும் பலருக்குக் கைவருவதில்லை. இந்த இயல் இரண்டாவதைப் பற்றியது.

நான்கு வாயில்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கிறது. இளிவரல் என்பது இழிவாகக் கருதுதல். மருட்கை என்பது வியப்பு. வெகுளி என்பது சினம். இவ்வளவில் நின்றிருந்தால் அது வெறும் பட்டியலாகியிருக்கும். நூலோ ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களாக நான்கு நான்கு சொல்லி, எட்டையும் முப்பத்திரண்டாக விரிக்கிறது. அழுகைக்குரிய நான்கு, பிறரால் இகழப்படும் இளிவு, உறவையோ உடைமையையோ இழக்கும் இழவு, முன்பிருந்த நிலை குலையும் அசைவு, இல்லாமையாகிய வறுமை என்பன. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. இந்த எட்டைச் சொல்லும் இடத்தில் புருவம் எப்படி வளையும், உதடு எப்படித் துடிக்கும் என்று நூல் எதுவும் சொல்லாமல், எது நேர்ந்தால் எந்த உணர்ச்சி எழும் என்பதையே சொல்கிறது. மெய்ப்பாட்டியல் செய்யுளைச் சுவைப்பதற்காக வகுக்கப்பட்டது. அதைத் தெருவுக்கும் கடைக்கும் எடுத்துவருவது இந்த இயலின் துணிவே. ஆயினும் நடைமுறையில் இதைவிட உதவும் கருவி அரிது. கண்கலங்கி நிற்பவரைக் கண்டவுடன் ‘வருத்தமாக இருக்கிறார்’ என்று முடிவுகட்டுவதால் பயன் இல்லை, ஏனெனில் அது பார்ப்பவர் யாவருக்கும் தெரிந்ததே; அவமதிப்பா, இழப்பா, நிலை தாழ்ந்ததா, பணமுடையா என்று நான்கு வாயில்களையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவருக்குத்தான், அருகில் போய் உட்கார வேண்டுமா, அல்லது பார்க்காதவர்போல நகர்ந்து செல்ல வேண்டுமா என்பது விளங்கும். இழவால் அழுபவர் துணையை விரும்பக்கூடும். இளிவால் அழுபவருக்கோ பார்ப்பவரின் கண்ணே இன்னொரு அவமதிப்பாகிவிடக்கூடும்.

முகம் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று டென்னிஸ் ஆடுகளத்திலிருந்து கிடைக்கிறது. ஹில்லெல் அவீசரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், முக்கியமான புள்ளியை வென்ற ஆட்டக்காரர்களின் படங்களையும் தோற்றவர்களின் படங்களையும் பார்வையாளர்களிடம் காட்டினார்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. முகமில்லாத உடலை மட்டும் காட்டியபோதும், உடலோடு சேர்த்து முகத்தைக் காட்டியபோதும் எளிதில் பிரித்தறிந்தார்கள். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது வெற்றிக் கூச்சலும் வேதனைக் கூச்சலும் ஒரே முகத்தைத்தான் அணிகின்றன. நுங்கம்பாக்கம் அரங்கில் விளையாட்டைப் பார்த்தவர் எவருக்கும் ஆட்டக்காரரின் முகம் தெளிவாகத் தெரிந்ததாகவே தோன்றியிருக்கும். உண்மையில் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது ஸ்கோர்பலகை.

ஆடற்கலை இதைப் பாடமாகவே வைத்திருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்திலும் சென்னையின் பிற நடனப் பள்ளிகளிலும் பயிலும் மாணவர், உணர்ச்சியை எழுப்பும் சூழலை விபாவம் என்றும், அதன் வெளிப்பாட்டை அனுபாவம் என்றும் நாட்டிய சாத்திரம் பிரித்திருப்பதைக் கற்கிறார். மேடையில் கோபத்தைக் காட்டுவதற்கு முன் எவர்மீது, எதற்காக என்பது நிறுவப்படாவிட்டால், எத்துணைத் திறமையான முகமும் அவையைத் தொடுவதில்லை. அதே மரபு, விரும்பி வரவழைக்க எளிதல்லாத உடற்குறிகளைச் சாத்துவிக பாவம் என்று தனியே பிரித்து, உறைந்து நிற்றல், வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் தழுதழுத்தல், நடுங்குதல், நிறம் மாறுதல், கண்ணீர், மயக்கம் என எட்டாக எண்ணுகிறது. வரவழைக்க எளிதல்லாதது பொய்யாக இருப்பதும் அரிது என்பதால், குறிப்பறிய விரும்புபவர் புன்னகையைவிடக் குரலின் தழுதழுப்பை நம்பலாம். வியர்வையை மட்டும் சென்னையில் தள்ளிவைத்துவிடுவது நல்லது. மே மாதத்தில் உஸ்மான் சாலையில் நிற்பவரின் நெற்றியிலிருந்து அறியக்கூடியது கத்திரி வெயில் ஒன்றுதான்.

புடவைக் கடையில்

தியாகராய நகரில், 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் தொடங்கிய கடை முதலாகப் பனகல் பூங்காவைச் சுற்றி வளர்ந்த பட்டுக் கடைகள், குறிப்பறிதல் நாள்தோறும் பணமாக மாறும் களங்கள். கல்யாண ஜவுளி எடுக்க ஏழெட்டுப் பேராக வந்து அமரும் குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதை அனுபவமுள்ள விற்பனையாளர் கேட்டு அறிவதில்லை. முதற்புடவையைப் பிரித்து முந்தியை விரித்துப் போட்டவுடன், அவர் புடவையைப் பார்க்காமல் மற்றவர்களின் கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்க்கிறார். மணப்பெண் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியை நோக்கினால், அடுத்த புடவை பாட்டியின் மடிக்கு அருகில்தான் விரியும். கைப்பைகளுடன் தூணருகே நின்று கைபேசியில் மூழ்கியிருப்பவர் பணம் கொடுப்பவராக இருக்கலாம். தேர்வில் அவருக்குப் பங்கு இல்லை என்பதை அவர் நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது.

விலை ஒத்துவராதபோது பெரும்பாலான குடும்பங்கள் விலையைக் குறைசொல்வதில்லை. ஜரிகையைத் தடவிய விரல் மெல்ல விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறது, அரைநொடித் தயக்கம், பிறகு ‘கலர் கொஞ்சம் டல்லா இருக்கு’ என்ற சொல் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர் சொல்லை நம்பி, அதைவிடப் பளிச்சென்ற நிறத்தில் அதே விலைக்கோ அதிக விலைக்கோ ஒன்றை எடுத்து வருகிறார், வியாபாரம் அத்துடன் கெடுகிறது. தேர்ந்தவரோ சீட்டைத் திருப்பிய விரலையும் பழிக்கப்பட்ட நிறத்தையும் இணைத்துப் பார்த்து, ஏறத்தாழ அதே நிறத்தில் குறைந்த விலைப் புடவை ஒன்றை, விலை என்ற சொல்லையே எடுக்காமல் மேலே போடுகிறார். வந்தவர்களின் கௌரவமும் காக்கப்படுகிறது, புடவையும் விற்கிறது. இங்கே அவர் படித்தது முகத்தை அன்று, செயல்களின் வரிசையை. விலைச்சீட்டுக்குப் பின் வந்த குறையும் விலைச்சீட்டுக்கு முன் வந்த குறையும் ஒரே சொற்களால் ஆனவையாக இருந்தாலும் ஒரே பொருளுடையவை அல்ல. இந்த இயலிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புபவர், எது முன், எது பின் என்று கவனிக்கும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான பிழைக்கு மார்கழிக் கச்சேரிகள் எடுத்துக்காட்டு. மியூசிக் அகாதெமியிலும் மயிலாப்பூர்ச் சபாக்களிலும், பாடகர் முதன்மை உருப்படியை முடித்துத் தாள வாத்தியக்காரர்களுக்குத் தனி ஆவர்த்தனம் விடும்போது ரசிகர் சிலர் எழுந்து போவது நெடுநாளைய வழக்கம். மேடையில் இருப்பவருக்கு அது அவமதிப்பாகப் படுவது இயல்பே. எழுந்தவர்களிலோ ஒருவருக்கு அடுத்த சபாவில் சீட்டு இருக்கிறது, ஒருவருக்குக் கடைசிப் பேருந்து, ஒருவருக்குச் சர்க்கரை நோய், பலருக்குக் கேன்டீன். பிறர் செயலுக்கு அவர் இருக்கும் சூழலைக் காரணமாகக் காணாமல் அவருடைய குணத்தைக் காரணமாக்கும் இந்தச் சாய்வை லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் அடிப்படைக் காரணங்காட்டற் பிழை என்று அழைத்தார். ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வு சிகாகோ மக்களையும் மைசூர் மக்களையும் ஒப்பிட்டு, பிறரது நடத்தையை விளக்கும்போது அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையும் மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழல் ஆகியவற்றையும் மிகுதியாகச் சுட்டியதைக் காட்டியது. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு சிறிதாகவே இருந்ததால், இது வளரும்போது வீட்டிலும் ஊரிலும் கற்றுக்கொள்ளப்படுவது என்று கொள்ளலாம். தென்னிந்தியர் இதைக்கொண்டு பெருமைப்படுவதற்கு முன், போக்குவரத்துச் சிக்னலில் குறுக்கே புகுந்த ஆட்டோவை நோக்கி என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

‘பார்க்கலாம்’ என்ற சொல்

தமிழில் மறுப்பு பெரும்பாலும் மறுப்பின் உருவில் வருவதில்லை. ‘பாக்கலாம்’, ‘யோசிச்சுச் சொல்றேன்’, ‘வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்’ ஆகியவை அகராதிப்படி ஒத்திவைப்புகள்; வழக்கில் பெரும்பாலும் மறுப்புகள். பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு, மலர்ந்த முகத்துடன் விடைபெற்ற மாப்பிள்ளை வீட்டார், பத்து நாள் கழித்து ‘ஜாதகம் அவ்வளவாப் பொருந்தலை’ என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினால், ஜாதகம் பார்த்த பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. இரு வீட்டாரும் நாளை கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவில் எதிர்ப்பட நேர்ந்தால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதால், இது பொய் என்பதைவிட, இரு தரப்பும் அறிந்தே வழங்கும் நாணயம் என்பதே பொருந்தும். களவியல் அதிகாரத்தில் வள்ளுவர் சுட்டும், உள்ளே அன்பை வைத்துக்கொண்டு வெளியே அயலார்போலக் கடிந்து பேசும் பேச்சு, இதே நாணயத்தின் மறுபக்கம்.

ஒத்திவைப்பு உண்மையானதா, மறுப்பா என்று அறிய முகத்தைக் கூர்ந்து பார்ப்பதால் பயன் குறைவு. மூன்று செய்திகளைக் கவனிப்பது மேல். நாள் குறிப்பிடப்பட்டதா என்பது ஒன்று: ‘வெள்ளிக்கிழமை சொல்றேன்’ என்பது பெரும்பாலும் ஒத்திவைப்பு, ‘சொல்றேன்’ மட்டும் பெரும்பாலும் மறுப்பு. மேலும் ஏதேனும் கேட்டாரா என்பது இன்னொன்று. வேண்டாம் என்று முடிவுசெய்தவர் விவரம் கேட்பது அரிது. மூன்றாவது, பேச்சு எவ்வளவு விரைவாக மழைக்கோ மெட்ரோ பள்ளத்துக்கோ மாறியது என்பது.

விருந்தோம்பலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ‘காபி வேண்டாம், இப்பதான் சாப்பிட்டு வந்தோம்’ என்று முதல்முறை சொல்வது மரியாதை, அதை உண்மை என்று கொண்டு அடுப்படியிலிருந்து திரும்பிவிடும் வீட்டுக்காரர் கருமி என்று பெயரெடுப்பார். இரண்டாம் முறையும் வேண்டாம் என்றால் ஐயம். மூன்றாம் முறை கையால் டம்ளரை மூடினால் அது உண்மையான மறுப்பு. தலையாட்டலும் இப்படித்தான். தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தாடுவது சம்மதமாகவும் இருக்கலாம், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதாகவும் இருக்கலாம். சம்மதம் என்று கொண்டு வேலையைத் தொடங்கிவிட்ட வெளியூர் மேலாளர்களின் துன்பக் கதை அடையாறு அலுவலகங்களில் புதிதல்ல. பெரியவர் எதிரே கண் தாழ்த்தி நிற்பது பணிவு, குற்ற உணர்வு அன்று. கண்ணுக்குக் கண் நோக்காமையை வைத்து மட்டும் எவரையும் அளக்கக் கூடாது என்பதற்கு ஆட்டிசம் உள்ளவர்களின் அனுபவமும் சான்று: பிறர் மனத்தை அவர்கள் படிப்பதில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டதற்கு மாறாக, புரியாமை இரு பக்கமும் உள்ளது, மற்றவர்களும் அவர்களைப் படிக்கத் தவறுகிறார்கள் என்று, தாமும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் எடுத்துக்காட்டினார்.

பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி நீளமாக எழுத இடமில்லை, தேவையும் இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகிய இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, கேட்பவர் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது சராசரியாக 54 விழுக்காடு; நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

யார் யாரைப் படிக்கிறார்

குறிப்பறிதல் சமமாகப் பங்கிடப்பட்ட திறமை அன்று. 71ஆம் அதிகாரம் மன்னனைப் படிக்கும்படி அமைச்சனிடம் சொல்கிறது. மன்னன் அமைச்சனின் முகவாட்டத்தைப் படிப்பதற்குத் தனி அதிகாரம் வகுக்கப்படவில்லை. தேவை உள்ளவர் கற்கிறார், தேவை இல்லாதவர் கற்பதில்லை. வீட்டு வேலைக்கு வருபவர் பாத்திரம் வைக்கப்படும் ஓசையிலிருந்தே அன்றைய வீட்டின் நிலையை அறிந்துகொள்கிறார். அவர் மூன்று நாளாகச் சோர்ந்திருப்பதை வீட்டார் நான்காம் நாள் அவர் வராதபோதுதான் அறிகிறார்கள். அடுக்ககக் காவலர், கார் ஓட்டுநர், கடைப் பையன், புது மருமகள் ஆகியோரும் அப்படியே. ஆகவே பிறரை நன்றாகப் படிப்பதாகத் தம்மைப் பற்றி எண்ணும் ஒருவர், தமக்கு மேலுள்ளவர்களை நினைத்து அப்படி எண்ணுகிறாரா, கீழுள்ளவர்களை நினைத்தா என்று சோதித்துக்கொள்வது பயன் தரும். பயிற்சியை இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை.

கேட்பது எப்படி

எவ்வளவு பழகினாலும் ஊகம் ஊகமே. அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தால் அவர் மனம் விளங்கிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை, டால் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட 25 சோதனைகள் ஆதரிக்கவில்லை: அப்படிக் கற்பனை செய்தவர்களின் கணிப்பு மேம்படவில்லை, நேரே கேட்டவர்களின் கணிப்பே மேம்பட்டது. கேட்கும் வழியும் பொருட்டானது. 2017இல் மைக்கேல் கிராஸ் வெளியிட்ட ஆய்வில், முகத்தையும் குரலையும் சேர்த்துக் கவனித்தவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள் பிறர் உணர்ச்சியைச் சரியாகக் கணித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றைச் ‘சரி’யைக் கோபமா, அவசரமா என்று அரைமணி நேரம் ஆராய்வதைவிட ஒரு நிமிடம் தொலைபேசியில் அழைப்பது மேல், நீலக் குறி விழுந்தும் பதில் வராமைக்கு உரிய காரணங்களுள் அடுப்பில் பால் பொங்கியதும் ஒன்று.

ஆனால் ‘உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது, என்ன உணர்கிறீர்கள்’ என்ற நேர்க்கேள்வி தமிழில் விசாரணையாக ஒலிக்கிறது. ‘ஒண்ணுமில்லையே’ என்ற விடையே அதற்குக் கிடைக்கும். பேச்சுவழக்கு இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. உணர்ச்சியைக் கேட்காமல், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய எளிய சூழலைக் கேட்பதே அது. ‘என்ன, முகம் வாடியிருக்கு, இன்னும் சாப்பிடலையா?’, ‘ராத்திரி சரியாத் தூக்கமில்லையா அக்கா?’, ‘வெயில்ல அலைச்சலா சார்?’ என்ற கேள்விகளில் பசியும் தூக்கமும் வெயிலும், கேட்கப்படுபவர் கௌரவம் குறையாமல் தலையாட்டிவிட்டுப் போவதற்காகத் திறந்துவைக்கப்பட்ட பக்கக் கதவுகள். சொல்ல விரும்பாதவர் ‘ஆமா, அலைச்சல்தான்’ என்று அவ்வழியே வெளியேறிவிடுவார், கேட்டவரும் விட்டுவிட வேண்டும். சொல்ல விரும்புபவர் ‘சாப்பாடெல்லாம் ஆச்சு’ என்று சொல்லிவிட்டு, போகாமல் நிற்பார். அந்த நிற்றலைக் கவனித்து, இரண்டாவது கேள்வி எதுவும் கேட்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போகலாம். டம்ளர் பாதி காலியாவதற்குள் நான்கு வாயில்களில் எது என்பதை அவரே சொல்லத் தொடங்கியிருப்பார்.